நாலு மணிக்கு எழுந்தால்தான் பிராணாயாமமா?

கேள்வி: திருவாரூரில் இருக்கிறேன், வயது 43. நாகப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. போக முக்கால் மணி, வர முக்கால் மணி பஸ். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனசு கொஞ்சம் அடங்கட்டும் என்று ஆன்லைனில் ஒரு பிரம்ம முகூர்த்த வகுப்பில் சேர்ந்தேன். நாலு மணிக்கு எழுந்து, 16 எண்ணி மூச்சை இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விட வேண்டும். எனக்கு நெஞ்சு படபடக்கிறது, பகலெல்லாம் தலை பாரம், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். எனக்கு வைராக்கியம் போதவில்லையா? வேறு வழி உண்டா? வெள்ளிக்கிழமை விரதத்தன்று மாத்திரையை விடலாமா?

பதில்: விட்டது நல்லது, டீச்சர். வைராக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் வேலையாக அந்தப் படபடப்பை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையும் தைராய்டும் படபடப்பு தரும், உங்கள் வயதில் மாதவிடாய் மாற்றமும் தரும். எல்லாவற்றையும் மூச்சுப் பயிற்சியின் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்த 16, 64, 32 கணக்கு யாரோ இட்டுக்கட்டியது அல்ல. திருமந்திரத்தில் இருக்கிறது. திருமூலர் அதைப் பாடியதாகச் சொல்லப்படும் திருவாவடுதுறை நம் பக்கத்து ஊர்தான். ஆனால் அதே நூலில் பிராணாயாமம் நாலாவது படி. இயமம், நியமம் என்ற ஒழுக்கங்கள், ஆதனம் என்ற இருக்கை, மூன்றும் பழகி வந்தவருக்கு, குரு பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த கணக்கு அது. இன்னொன்றும் பாருங்கள். அந்தக் கணக்கை எண்ணுவது மாத்திரை என்ற கால அளவில். மாத்திரை என்றால் நம் இலக்கணத்தில் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். வகுப்பில் அதை விநாடியாக்கி செல்போனில் ஓடவிடுகிறார்கள். மூன்றையும் கூட்டினால் 112 விநாடி வருகிறது. ஒரே மூச்சுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்! ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சியே செய்ய வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளும் வேண்டாம்.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருக்கும் நேரம். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்த ஊரில் அது சுகமான நேரம். பாத்திரம் கழுவி, நோட்டு திருத்தி, பதினொன்றரைக்குப் படுக்கிறவர் நாலு மணிக்கு எழுந்தால் கிடைப்பது நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். சிவன் கோயில்களில் அர்த்தசாம பூஜை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, நடை சாத்திவிடுகிறார்கள். சாமிக்கே ஒரு உறங்கும் நேரத்தை வைத்த ஊரில் பிறந்துவிட்டு, நாம் தூக்கத்தைத் திருட்டு மாதிரி நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? இப்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். மெதுவாக வெளியே விடும்போது தள்ளித் தள்ளி விழும். வேகஸ் என்ற நரம்பு மூச்சு வெளியேறும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது, அதன் அடையாளம்தான் இது. நீங்கள் தேடுகிற அமைதி அடக்கிய மூச்சில் இல்லை, நீட்டி விடுகிற மூச்சில் இருக்கிறது. 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். ஐந்து நிமிடம் போதும். திணறினால் 3 இழுத்து 4 விடுங்கள்.

எண்ணுவது பிடிக்காவிட்டால் பாடுங்கள். நம் ஊர்க் கமலாலயக் குளத்து மேல்கரைப் படியில் ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிச் சிவபுராணம் சொல்லுவார். ஒரு வரி முடிகிறவரை தோள் அசையாது. வரி முடிந்ததும் தோள் லேசாக ஏறி, மூச்சு உள்ளே போகும், உடனே அடுத்த வரி. யாரும் அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சிவபுராணம் 95 வரி. ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய பதினாறு நிமிடம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 23 பேரை ஜெபமாலை ஜெபத்தை லத்தீனிலும், ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இதயத்தின் தாளமும் சீரானது. அதனால் வேளாங்கண்ணியில் ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்லுவேன்: அவசரப்படாமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு அந்த நேரம் பஸ்ஸில் இருக்கிறது. போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டிச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காமல் உதடு அசையும் அளவுக்கு முணுமுணுத்தால் போதும். மனசுக்குள் மட்டும் சொன்னால் வரி வேகமாக ஓடிவிடும், மூச்சு நீளாது. நின்றுகொண்டு போகும் நாளில் விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

ராத்திரி பத்தரைக்குள் படுத்து, காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறீர்கள் அல்லவா? அதைக் கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு போடுங்கள். விடியல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடி, ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். அப்புறம், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குடிக்கிற அந்த டிகிரி காபி! ஐந்து மணிக்குக் குடித்தால் அதன் காஃபினில் ஏறக்குறைய பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அதைப் பள்ளியில் மதியம் மூன்று மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறில் கமலாலயத்தைச் சுற்றி நடங்கள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர். கரையோடு ஒரு சுற்று, ஏறக்குறைய இருபது நிமிடம். செல்போன் வீட்டில் இருக்கட்டும்.

விரதத்தன்று மாத்திரையை விடவே கூடாது. ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெடாது, ஒரு நாள் விட்டாலும் அழுத்தம் ஏறிவிடலாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, நீரை வெளியேற்றும் வகை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் மயக்கம் வரலாம். உங்களுடையது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழமும் மோரும் எடுத்துக்கொண்டு விரதம் இருங்கள், மோரில் உப்பு வேண்டாம்.

நாலு வாரம் இப்படி இருந்து பாருங்கள். வாரம் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்து, தூங்கிய நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளவு குறைந்திருக்கிறது என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் பார்த்துச் சொல்லட்டும்.