பித்தக்குழாய் ஸ்டென்ட்: எடுக்கிற தேதி எங்கே?

(கணைய வீக்கத்துக்குப் பிறகு வரும் பித்தக்குழாய் அடைப்பு, அதைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் பற்றிய கேள்விகள். பதில் சொல்பவர், மதுரையில் எண்டோஸ்கோப்பி அறையில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ்.)

மேலூரிலிருந்து: சிஸ்டர், அப்பாவுக்கு ரெண்டு வருஷமா கணைய வீக்கம். இப்ப கண்ணு மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி குடுக்கலாமா?

வேணாம் தம்பி. இது அடைப்புக் காமாலையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பித்தக்குழாய் குடலுக்கு வர்றதே கணையத்தோட தலைப்பகுதி வழியாத்தான். கணையம் புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகி, தழும்பு இறுகுறப்ப குழாயையும் சேத்து நெரிச்சிடும். எந்தச் சாறும் அதைத் தளர்த்தாது. மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போகுதா, மலம் வெளுத்திருக்கா, உடம்பு அரிக்குதான்னு பாருங்க. குளிர்காய்ச்சலும் சேந்துச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. கணையத் தலையில புத்துநோய் வந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், அதனால ஸ்கேன் கட்டாயம்.

திருமங்கலத்திலிருந்து: மஞ்சள் வந்தாலே ஈ.ஆர்.சி.பி. பண்ணணுமா?

இல்லைங்க. ஈ.ஆர்.சி.பி.ன்னா வாய் வழியா கேமராக் குழாயை விட்டு, பித்தக்குழாய் அடைப்பைச் சரி பண்றது. புதுசா வந்த வீக்கம்னா, அது வத்துறப்ப அடைப்பும் தானா விலகலாம். கணையத்துல வந்த நீர்க்கட்டி குழாயை அமுக்குதுன்னா கட்டியை வடிச்சு விடுவாங்க. கல்லு சிக்கிக் குழாய்ல சீழ் பிடிச்சிருந்தா மட்டும் 24 மணி நேரத்துக்குள்ள செஞ்சாகணும். இதைச் செய்யறதாலயே நூறு பேருல 3 முதல் 10 பேருக்குக் கணைய வீக்கம் வரும். அதைத் தடுக்கத்தான் ஆசனவாயில டைக்ளோஃபெனாக் மாத்திரை வைக்கிறாங்க. கூச்சப்படாதீங்க.

சோழவந்தானிலிருந்து: ஸ்டென்ட் வைக்கிறதுன்னா பிளாஸ்டிக்கா, மெட்டலா?

பிளாஸ்டிக் குழாய் அகலம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். விலை கம்மி, ஆனா 3 மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஒண்ணுக்குப் பக்கத்துல இன்னொண்ணா வச்சு, ஒரு வருஷம் போல இழுக்கும். உறை போட்ட மெட்டல் 10 மில்லிமீட்டருக்கு விரியும், 6 மாசத்துக்கு மேலயும் விட்டு வச்சு எடுக்கலாம். கணையத் தலை சுண்ணாம்பு மாதிரி கல்லுப் பிடிச்சிருந்தா ரெண்டுமே சரியா நிக்காது. அங்க ஆபரேஷன் பேச்சு வந்தா டாக்டர் மேல கோவப்படாதீங்க.

உசிலம்பட்டியிலிருந்து: மாமாவுக்கு பிளாஸ்டிக் வச்சாங்க. நல்லா சாப்பிடுறாரு. அழகர் ஆத்துல இறங்கட்டும், அப்புறம் போவோம்ங்கிறாரு.

நான் பயப்படுறதே இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். நெஞ்சுல வைக்கிற ஸ்டென்ட் மாதிரி இதுவும் காலத்துக்கும் கிடக்கும்னு நெனச்சுக்கிறாங்க. இது அடைச்சுக்கிற சாமான்மா. பித்தம் படிஞ்சு, கிருமி ஏறி, உள்ள கறுத்துப் போயிடும். மறந்து விட்ட குழாயோட நடுங்கிக்கிட்டு வந்தவங்களை எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். முந்தின நாள் வரைக்கும் அவங்களும் நல்லாத்தான் சாப்பிட்டாங்க. வச்ச தேதி டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்கும், பாத்துச் சொல்லுங்க.

அதே உசிலம்பட்டி: பாத்துட்டேன் சிஸ்டர். போன புரட்டாசி.

ஏழு மாசமா! திருவிழாவெல்லாம் அப்புறம். அந்தச் சீட்டோட நாளைக்குக் காலையில வெறும் வயித்துல கூட்டிட்டுப் போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டா அதையும் கையில எடுத்துக்குங்க.