பெரிய கியரில் விரிசல்: பட்டறைக் கேள்விகள்

இஎன் 24 என்ற கலப்பு உருக்கில் செய்த பெரிய கியரை மாலையில் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுத்து வைத்துவிட்டுப் போனோம். காலையில் பல்லடியில் விரிசல். உலையில் கோளாறா? (கப்பலூர்)

உலையைக் குறை சொல்லுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். 840 டிகிரியிலிருந்து எண்ணெயில் இறங்கும் இந்த உருக்கு, ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் மார்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது, மாறும்போது பருக்கிறது. மேற்பரப்பு முதலில் மாறி இறுகிவிடும். உட்பகுதி பிறகு பருக்கும்போது, விட்டுக்கொடுக்க முடியாத மேற்பரப்பு கிழிகிறது. கியர் தடிமனாக இருந்தால் இந்த இழுபறி இன்னும் மோசம். இரவெல்லாம் டெம்பரிங் (நொறுங்கும் தன்மை குறைய மீண்டும் மிதமாகச் சூடாக்குவது) இல்லாமல் கிடந்த கியர் விரியாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

தொட்டால் சுடும் நிலையிலேயே, 60, 70 டிகிரியில் எடுத்து, நேராக டெம்பரிங் உலைக்குள் வையுங்கள். அந்த உலை காலியாக இல்லையென்றால், வேறோர் உலையில் 200 டிகிரியிலாவது வைத்திருங்கள். அதற்கும் வழியில்லாத நாளில் குவென்ச்சிங்கே (எண்ணெயில் முக்கிக் குளிர்விப்பதே) வேண்டாம். மின்தடை அறிவித்த நாளும் அதில் சேர்த்தி.

கீ-வே (கியரைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான காடி) மூலையிலேயே விரிசல் விடுகிறது. பழுது எங்கள் கடைசலிலா, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவரிடமா? (திருமங்கலம்)

வீணான துண்டு ஒன்றை விரிசலோடு பிளந்து பாருங்கள். உள்சுவரில் கருப்பாகத் தடித்த செதில் படிந்திருந்தால், அந்த விரிசல் உலைக்குப் போகுமுன்பே இருந்தது. டெம்பரிங் சூட்டின் மெல்லிய நிறம் மட்டும் தெரிந்தால் குவென்ச்சிங்கில் வந்தது. ஆனால் கத்திமுனைபோல் வெட்டிய மூலையை அனுப்பிவிட்டு அவரோடு மட்டும் சண்டை போடுவது நியாயமில்லை. மூலைக்கு ரேடியஸ் கொடுங்கள், அதாவது வளைவாக்குங்கள். டெம்பரிங்குக்குப் பின் 300 பிரினெல் அளவில்தான் கடினம் தேவையென்றால், கீ-வேயைக் கடைசியில் வெட்டலாம்.

எண்ணெய் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே? (புதூர்)

இல்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாகி, கியரைச் சுற்றிச் சரியாக ஓடாது. சாதாரண குவென்ச்சிங் எண்ணெய்க்கு 50 முதல் 70 டிகிரி பொருத்தம். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். ஐப்பசி மழையில் கூரை ஒழுகினால் அது தொட்டியின் அடியில் போய்த் தங்கும். கியரும் விரியும், எண்ணெயும் பொங்கித் தீப்பிடிக்கும். அடியிலிருந்து சில சொட்டு எடுத்துச் சூடான தகட்டில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

பல்லடி விரிசலை வெல்டிங் வைத்து மூடலாமா? (மேலூர்)

கூடாது. 0.4 சதவீதம் கார்பன் உள்ள உருக்கு வெல்டிங்கை ஒட்டியே மறுபடி விரியும். சுமை முழுவதையும் தாங்குவதும் அந்த இடம்தான். கியரையே பழைய இரும்பாக உருக்கித்தான் ஆக வேண்டும்.