மெட்டி ஒலியை எங்கள் வீட்டில் காதால்தான் பார்த்தோம்

கேள்வி: "மெட்டி ஒலி" தொடரின் திரைக்குப் பின்னால் நடந்த, அதிகம் பேருக்குத் தெரியாத விஷயங்கள் என்ன?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தொடரில் நான் வேலை பார்த்ததில்லை. அது முடிந்த அடுத்த வருஷம் சேலத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், வேறொரு மெகா தொடரில் நாலு வருஷம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டினேன். அந்தக் காலத் தொடர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தயாராகின என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். சேலத்தில் சிவதாபுரம் பக்கம், வெள்ளிக் கொலுசு வேலை. அப்பா பட்டறையில் இருப்பார். அம்மா வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்கு முத்து கோப்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் தட்டு, தட்டில் கடுகு மாதிரி வெள்ளி முத்துகள். ஒன்று உருண்டு ஓடினால் அன்றைக்குக் கணக்கு இடிக்கும், அதனால் கண்ணை எடுக்கவே முடியாது. டி.வி. முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா "மெட்டி ஒலி"யை ஒரு நாள் விடாமல் பார்த்தார் என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் ஒரு நாள் விடாமல் கேட்டார். டைட்டில் பாட்டுக்கு மட்டும் திரும்பிப் பார்ப்பார். அதுவும் ஆடுகிற பெண்ணின் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்க்க. தொழில் புத்தி.

சென்னைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, தொடரைத் தயாரிப்பவர்களும் என் அம்மாவை மனதில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள் என்று. எங்கள் இயக்குநர் எழுத்தாளரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது: "சமையல்கட்டுல இருக்கிறவங்களுக்குப் புரியணும்." அதனால்தான் தொடர்களில் ஒருவரை ஒருவர் ஓயாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "என்ன சாரதா, நீ மட்டும் வந்திருக்க? உன் மாமியார் கோமதியம்மா வரலையா?" சாரதாவுக்குத் தன் மாமியார் பெயர் தெரியாதா என்ன! அது அடுப்படியில் இருப்பவருக்கும் எங்கள் வீட்டு முத்துத் தட்டுக்கும் சொல்வது. வில்லி வந்தால் ஒரு இசை, அப்பா உடைந்து போனால் ஒரு இசை. எல்லாம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்காக.

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

"மெட்டி ஒலி" 2002இல் தொடங்கி 2005 வரை சன் டி.வி.யில் ஓடியது. 800க்கும் மேற்பட்ட எபிசோடுகள். விளம்பரம் போக ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 16,000 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரப் படங்கள் நூற்றுச் சொச்சம். எங்கள் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கிட்டத்தட்ட அவ்வளவு நீளத்தை ஒரு தொடர்க் குழு மூன்றரை வருஷத்தில் எடுத்துத் தள்ளியிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, நான் தொடர்களைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

இழுக்கிறார்கள் என்று திட்டுகிறோமே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அப்போது தயாரிப்பாளர் அந்த அரை மணி நேரத்துக்குச் சேனலுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, தனக்குக் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுத்தான் போட்ட காசை எடுக்க வேண்டும். டி.ஆர்.பி. ஏறி நிற்கும் கதையை முடிக்க யாருக்கு மனசு வரும்?

"மெட்டி ஒலி" இயக்குநர் திருமுருகனே அதில் கோபியாக நடித்ததைப் பலர் ஆசை என்று நினைப்பார்கள். எனக்கு அதில் வேறு சௌகரியம் தெரிகிறது. தினசரித் தொடரில் பெரிய தலைவலி கால்ஷீட். காலையில் செட்டுக்கு வந்தே தீர வேண்டிய ஒரே ஆள் இயக்குநர்தான். நடிகர் வராத அன்றைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் போனில் பேசுவது போல எதிராளியை மட்டும் வைத்து எடுப்போம். சுத்தமாக விலகிவிட்டால், "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு. என் அம்மாவுக்கு அந்தக் கார்டு உதவாது. குரல் மாறினால்தான் நிமிர்வார்: "யாரு கண்ணு இது, புதுசா இருக்கு?"

ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார். மகள்களில் லீலாவாக நடித்த வனஜாவும் விஜியாக நடித்த உமா மகேஸ்வரியும் நிஜத்திலும் அக்கா தங்கை. உமா 2021இல் காலமாகிவிட்டார். போஸ் வெங்கட்டின் பெயரில் இருக்கும் போஸ், இதில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். டைட்டில் பாட்டுக்கு ஆடிய சாந்தியை இன்றும் "மெட்டி ஒலி சாந்தி" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு வைரமுத்து எழுதியது, இசை தினா, பாடியவர் நித்யஸ்ரீ. இன்னொரு மகள் சரோவைப் படுத்தியெடுத்த கணவன் மாணிக்கம், அதாவது சேத்தன், இப்போது சினிமாவில் மிரட்டுகிறார். எங்கள் தெருவில் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

என் சொந்த அனுபவத்தில் மறக்க முடியாதது பிராம்ப்டிங். காலையில் எழுதி வரும் வசனத்தை மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. கேமராவுக்குக் கீழே நான் குந்தி உட்கார்ந்து, உணர்ச்சியே இல்லாமல் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல வாசிப்பேன்: "நான் உனக்கு என்ன பாவம் செஞ்சேன்." மேலே அந்த நடிகை அதையே கேட்டு, கண் நிறைய நீரோடு திருப்பிச் சொல்வார். ஒரு வரி நான், ஒரு வரி அவர். என் குரல் பைலட் டிராக்கில், அதாவது படப்பிடிப்பில் தற்காலிகமாகப் பிடிக்கும் ஒலியில், பதிவாகும். ஆனாலும் கவலையில்லை, அப்புறம் டப்பிங்கில் எல்லாக் குரலும் புதிதாகப் போட்டுவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேக் வீணாகி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பின்னாளில் திருமுருகன் "நாதஸ்வரம்" தொடரின் ஆயிரமாவது எபிசோடை 2014 மார்ச் 5 அன்று நேரலையில் ஒரே ஷாட்டாக எடுத்தார். 23 நிமிடம் 25 வினாடி, கின்னஸ் சாதனை. எல்லோரும் கேமராமேனைப் பாராட்டினார்கள். நான் நினைத்தது, பிராம்ப்டர் வாயைத் திறக்க முடியாதே என்று.

எங்கள் தொடரின் டப்பிங்கில் மருமகள் நடந்து வரும்போது போட்ட கொலுசுச் சத்தம், பரத நாட்டியச் சலங்கை மாதிரி கேட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா கோத்த ஜோடி ஒன்றை எடுத்துப் போனேன். சவுண்ட் இன்ஜினியர் அதை மைக் முன்னால் ஆட்டி ஆட்டிப் பதிந்து வைத்துக்கொண்டார். ஒளிபரப்பான அன்று அம்மா போன் செய்து, "முத்து நம்ம முத்துதான், ஆனா அவ நொண்டுறாளா?" என்று கேட்டார். ஆட்டியவர் கையின் தாளம் அப்படி.

2020இல் ஊரடங்கு வந்து படப்பிடிப்புகள் நின்றதும் "மெட்டி ஒலி"யை மறுபடி போட்டார்கள். பட்டறையும் மூடியிருந்தது. தட்டு இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, அம்மா முதல் தடவையாக டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தார். சிதம்பரம் பேச ஆரம்பித்ததும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேற மாதிரி இருப்பாருன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்... இந்த மூஞ்சியா அது?" என்றார்.