ஒரே லேசர், இரு வேறு பலன்

கேள்வி: நானும் என் நாத்தனாரும் ஒரே நிலையத்தில் 6 முறை லேசர் செய்துகொண்டோம். அவருக்குக் கால்முடி ஏறக்குறைய நின்றுவிட்டது. எனக்கோ தாடைமுடி மீண்டும் முளைக்கிறது. ஏன்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: லேசர் ஒளியை வாங்கிக்கொள்வது முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி, அது சூடேறி வேர்ப்பையைச் சிதைப்பதால், கறுத்துத் தடித்த கால்முடி எளிதில் வசப்படும், பூனைமுடியும் நரையும் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடிக்கே சூடு வேர்வரை செல்லும் என்பதால்தான் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

நம்மவரின் மாநிறத் தோலும் அதே ஒளியை உறிஞ்சும். ஆகவே ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளிக் கருவியே கூடுதல் பாதுகாப்பானது. தைப்பூசத்தன்று பத்துமலை வெயிலில் நின்றுவிட்டு மறுநாளே லேசருக்குப் போவதும் ஆகாது.

தாடையின் கதை வேறு. அங்கே ஹார்மோன் புதிய முடிகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும்; மாதவிலக்கும் தவறுகிறதென்றால், அடுத்த அமர்வுக்குப் பணம் கட்டுமுன் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இடையில் நூல் போட்டு முடியைப் பிடுங்குகிறீர்களா? வேரோடு போய்விட்டால் லேசருக்கு இலக்கே இராது. சவரம் மட்டும் செய்யலாம்.