மோரிஸ் மைனர் பிரேக்: இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது

உங்கள் பழைய மோரிஸ் மைனர் காருக்குச் சர்வோ (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முதல் மிதியில் பெடல் பாதிக்குமேல் இறங்கி, உடனே மறுபடி மிதித்தால் உயரத்திலேயே பிடிக்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஷூ (உள்ளிருந்து உரசி நிறுத்தும் கட்டை) தேய்ந்து, டிரம்மோடு (சக்கரத்தோடு சுற்றும் உருளைக் கூடு) இடைவெளி கூடிப்போனதால்தான். மைனரில் அது தானாகச் சரியாகாது, கையால்தான் திருக வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். டிரம்மில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே ஷூவை நகர்த்தும் திருகைச் சக்கரம் இறுகும்வரை திருகி, பிறகு உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். முன்சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு திருகு உண்டு. பலர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகும் பெடல் பஞ்சுபோல இருந்தால் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) ரப்பர் போய்விட்டது, ஓட்டாதீர்கள். அதற்குப் பிரேக் எண்ணெய் ஊற்றும் மூடி டிரைவர் பக்கத் தரை விரிப்புக்கு அடியில் இருக்கும்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே சேர்ந்த தோட்டத்துச் செம்மண் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

உங்கள் தம்பியின் புதுக் கார் டொயோட்டா ஜிஆர்86-க்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சர்வோ, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). அந்தப் பிடி மைனரில் வராது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டிரம் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது.