தாண்டுகிற கல் இருக்கட்டும், சம்ப் மூடியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு இடம் கட்டப்போகிறோம். ஒரு குழந்தைகூட விழக் கூடாது, மேலிருந்து ஷவர் மாதிரி தண்ணீர் தூவினால் போதும் என்கிறார்கள் சில பெற்றோர். உங்கள் கருத்து? – வாசகி, கோவை

பதில்: அந்த ஷவர் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அப்புறம் பிள்ளைகள் மதில் ஏறுவார்கள்.

ஓர் அடிபம்பு வையுங்கள். அதிலிருந்து ஓடும் வாய்க்கால், பக்கத்தில் மணல், தண்ணீரை மறிக்கச் சின்னப் பலகைகள், தாண்டிப்போக ஏழெட்டுக் கற்கள். ஜெர்மனியில் பல பொதுப் பூங்காக்களில் இப்படித்தான் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை கல்லில் நின்று காலை நீட்டும், மடக்கும், மறுபடி நீட்டும். தாண்ட முடியுமா என்று கணக்குப் போடுகிறது. கணக்குத் தப்பினால் முட்டி சிராயும், அவ்வளவுதான். பம்ப்செட் தொட்டிச் சுவரில் நான் வாங்கிய தழும்பு இன்னும் தாடையில் இருக்கிறது.

குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து இருக்கலாம். தெரியாததைத்தான் நீங்கள் ஒழிக்க வேண்டும். மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் துளையில் முடியோ கையோ சிக்கினால் பெரியவர்களாலேயே இழுத்தெடுக்க முடியாது. தண்ணீர் சரிவில் தானாக வடிந்துபோகும்படி கட்டிவிட்டால் அந்தத் துளையே தேவையில்லை. தேங்கும் இடத்தில் கணுக்கால் ஆழம் போதும். அதிலும் அசட்டை வேண்டாம்: தவழும் குழந்தை இரண்டு அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கும், சத்தமே வராது. பெஞ்சைக் கைக்கெட்டும் தூரத்தில் போடுங்கள்.

தரைக்குப் பளபள டைல்ஸ் வேண்டவே வேண்டாம். லண்டன் ஹைட் பார்க்கில் டயானா நினைவு நீரூற்றை 2004 ஜூலையில் திறந்தார்கள். அழகான கிரானைட், ஓடும் தண்ணீர், இறங்கி நடக்கக் கூட்டம். அந்த மாதமே சிலர் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக, மூட வேண்டியதாயிற்று. பிறகு வேலி வந்தது, தண்ணீரில் நடக்கத் தடை வந்தது. பாதை வழுக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? தாண்டுகிற கல் கொஞ்சம் ஆடினால்கூட பிள்ளை உஷாராகிவிடும். ஆகவே சொரசொரப்பான கல் பதித்து, வாரம் ஒருமுறை பாசியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். சாயங்காலம் தண்ணீரை வடித்துவிட்டால் கொசுவும் வராது.

ஒன்று கேட்கிறேன்: ஒரு குழந்தைகூட விழக் கூடாது என்பவர்கள் உங்கள் குடியிருப்பின் சம்ப் மூடியைப் பூட்டியிருக்கிறார்களா? கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.