கொம்பேறி மூக்கன், பச்சைப் பாம்பு போன்ற மரப்பாம்புகளை வீட்டில் வளர்க்கலாமா?

தோட்டத்தில் கொம்பேறி மூக்கனும் பச்சைப் பாம்பும் அடிக்கடி கண்ணில் படுகின்றன, இரண்டுக்கும் விஷம் இல்லை என்கிறார்கள், ஒன்றைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் விடாது. சட்டமே விட்டாலும் அந்தப் பாம்பு தொட்டியில் பிழைக்காது. சட்டத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், சுட்டுக் கொன்றால்தான் வேட்டை என்று இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, ஊர்வனவற்றின் முட்டையைக் கலைப்பது எல்லாமே அதில் அடக்கம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலான முதல் அட்டவணையில் இல்லாத உயிரினமாக இருந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. 'என் தோட்டத்துக்குத்தானே வந்தது' என்ற வாதம் எடுபடாது. பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட இருளர்களுக்கே கட்டுப்பாடு உண்டு. 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையை மட்டும், அரசு அனுமதியோடு பிடிக்கிறார்கள். சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி வெளியில் விட்டுவிட வேண்டும்.

இனி பாம்பின் கதைக்கு வருவோம். முதலில் ஒரு திருத்தம்: கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது, சரி. பச்சைப் பாம்புக்கு உண்டு. மனிதரைக் கொல்லும் அளவுக்கு இல்லை, கடித்த இடம் வீங்கும், மரத்துப்போகும், வலிக்கும், அவ்வளவுதான். விஷப்பல் வாயின் பின்பக்கம் இருப்பதால் சும்மா ஒரு கடி கடித்தால் இறங்காது, கவ்விப் பிடித்து மெல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு முருங்கையில் அது எப்படி மெல்லும் என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முன்னுடம்பை அந்தரத்தில் நீட்டி, நாக்கை வெளியே விட்டு அசைக்காமல் வைத்திருந்தது. காற்று அடித்தால் கிளையோடு சேர்ந்து உடம்பும் ஆடும், காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். கண்பாவை படுக்கை வாக்கில் கிடக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கு வரைக்கும் ஒரு பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் நேரே குறி பார்க்க முடியும். அடிமரத்திலிருந்து ஓர் ஓணான் தலையை ஆட்டி ஆட்டி மேலே ஏறி வந்தது. கழுத்தில் ஒரே கவ்வு. அதோடு விடவில்லை, ஓணானைப் பட்டையிலிருந்து பிய்த்து அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. காலுக்குப் பிடிமானம் இல்லாமல் அது உதறியது, பாம்பு நிதானமாக மென்றுகொண்டே இருந்தது. சில நிமிடத்தில் ஓணான் துவண்டது. அதன் பிறகு தலைப்பக்கமாக விழுங்க ஆரம்பித்தது.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தொட்டிக்குள் இது எதுவும் நடக்காது. வெளிநாடுகளில் பலர் வளர்க்கும் சோளப் பாம்பு, பந்து மலைப்பாம்பு எல்லாம் வளர்ப்பகத்தில் பிறந்து, உறைய வைத்த எலியை இளக்கிக் கொடுத்தால் சாப்பிடப் பழகியவை. நம்மூர் மரப்பாம்பு பகலில், கண்ணால் பார்த்து, அசைகிற இரையை அடிக்கிற ஜாதி. செத்த எலியைப் போட்டால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. கோழிக்கறியும் முட்டையும் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு, கேட்கவே பாவமாக இருக்கிறது. ஆக, அதற்குத் தொடர்ந்து உயிருள்ள ஓணான், பல்லி, தவளை பிடித்துப் போட வேண்டும். அவற்றின் உடம்பில் இருக்கும் புழுக்களும் சேர்ந்தே உள்ளே போகும். காட்டில் சமாளித்துவிடுகிற புழுத் தொல்லை, அடைபட்டு மிரண்டுபோன பாம்பை இன்னும் இளைக்க வைத்துவிடும். பாத்திரத்தில் வைத்த தண்ணீரையும் பல மரப்பாம்புகள் கண்டுகொள்வதில்லை. இலையில் வழியும் சொட்டைக் குடித்தே பழகியவை.

கொம்பேறி மூக்கன் விஷயம் இன்னும் மோசம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், விரல் தடிமன்தான் இருக்கும், வேலி மேல் ஓடினால் கண் பின்தொடர முடியாது. மிரண்டால் உடம்பை உப்பும், அப்போது செதில்களுக்கு நடுவே பளீரென்று நீலம் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் பலருக்கு வளர்க்கும் ஆசையே வருகிறது. ஆனால் அது பயத்தின் அடையாளம். கண்ணாடி என்ற பொருளே அதற்குப் புரியாது. மூக்கை மூலையில் தேய்த்துக்கொண்டே இருக்கும், மூக்கு நுனி புண்ணாகும், புண் வாய்க்குள் இறங்கும், அப்புறம் இரையும் எடுக்காது. பார்ப்பவர்கள் 'சுறுசுறுப்பா விளையாடுது' என்று வீடியோ போடுவார்கள். பழகுமா என்றால், கையில் எடுத்தால் கடிக்கும். ரத்தம் துளிர்க்கும், வேறு ஒன்றும் ஆகாது. நாளாக ஆகக் கடிக்காமல் கிடந்தால் அது பாசம் இல்லை, தெம்பு போயிருக்கிறது.

இது கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவரின் பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையைக் கட்டியவர் அது மரம் ஏறும் வேகத்தைப் பார்த்து மிரண்ட யாரோவாகத்தான் இருக்க வேண்டும். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அதே ரகம். இந்தக் கதைகளால் அடிபட்டுச் செத்தவை ஏராளம். 'விஷமில்லை, பிடித்து வைத்துக்கொள்' என்ற புதுப் பேச்சாலும் பாம்புக்குக் கேடுதான்.

உங்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது: ஆள் மாறாட்டம். ஏற்காடு, கொல்லிமலை, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மரத்தில் பச்சையாகக் கிடப்பதெல்லாம் பச்சைப் பாம்பு இல்லை. மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். அதற்குத் தலை முக்கோணமாக அகன்றிருக்கும், உடம்பு குட்டையாகத் தடித்திருக்கும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து முன்னே சொன்ன அந்த நான்கு பாம்புகளுக்கானது, குழிவிரியன் கடிக்கு அது உதவாது. அதேபோல இரவில் மரமேறும் பூனைப் பாம்பையும் சுருட்டை விரியனையும் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துச் சொல்வது பழகாத கண்ணுக்குக் கஷ்டம்.

வெளிநாட்டு வகை வாங்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். நியூ கினியாவின் பச்சை மர மலைப்பாம்பு பலருடைய கனவு. குட்டியில் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருந்து வளர்ந்தபின் பச்சையாகும். அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனம். இறக்குமதி அனுமதி வேண்டும், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். தாள் இல்லாமல் டப்பாவில் கைமாறும் குட்டியை வாங்காதீர்கள், எந்த விமான நிலையத்தில் யார் பெட்டியில் வந்ததோ. ஆஸ்திரேலியாவில் நம் கொம்பேறி மூக்கனின் நெருங்கிய உறவினம் ஒன்றை உரிமம் வாங்கி வளர்க்கிறார்கள். அங்கே உரிமம், கண்காணிப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, இங்கே நம் பாம்புகளுக்கு அது இல்லை.

பார்க்கத்தான் ஆசை என்றால் வேலியோரச் செடிகளைக் கொஞ்சம் புதராக விடுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். ஓணான் தங்கினால் அதன் பின்னாலேயே பாம்பும் வரும். காலை வெயில் ஏறும் நேரத்தில் தேடிப் பாருங்கள். கிண்டி பாம்புப் பண்ணைக்கும் ஒரு நடை போய் வரலாம், 1972இலிருந்து அங்கே இருக்கிறது.

ஒருவேளை ஏற்கெனவே ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்றால், வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பிடித்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அதே பகுதியில் விட்டால்தான் அதற்கு இரை இருக்கும் இடமும் ஒதுங்கும் இடமும் தெரியும். அவர்கள் வரும்வரை துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சீக்கிரமே செத்துவிடும்.